நூத்திப் பன்னெண்டு

பங்கு மார்க்கெட்டு இல்லீங்க. கிரிக்கெட்டும் இல்ல. நீங்க கேட்டதுல தப்பில்ல. கோயமுத்தூர்ல ஏறுனதுல இருந்து அர நிமிசத்துக்கு ஒருக்கா போனையே எடுத்துப் பாத்துட்டிருந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். இது என்ர சம்சாரத்தோட சக்கரைங்க. ரத்தத்துல இருக்கற சக்கர. அவ கையில காசு அகலத்துக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கறா. அது அஞ்சு நிமிசத்துக்கு ஒரு நம்பர அவ போனுக்கு அனுப்பும். அங்கிருந்து என்ர போனுக்கு வரும். அவ தாராபுரத்துக்கு அக்கட்டால அவங்கம்மா ஊட்டுல இருக்கறா. நான் கோயமுத்தூர்ல உக்காந்து பாத்துட்டே இருப்பன்.

இன்னிக்குக் காத்தால ஆறு மணியில இருந்து நம்பர் வர்றதில்லீங்க. வேற ஒண்ணு வருது. என்னன்னு அப்பறம் சொல்றன், இப்பச் சொன்னா உங்களுக்குப் புரியாது. அவளுக்கு ரெண்டு தடவ போன் போட்டன். ரிங் போகுது, எடுக்கல. அவங்கம்மாவுக்கு, எங்கத்தைக்குப் போட்டன். அவங்க எடுத்து, "நல்லாத்தான் இருக்கறா மாப்ள, இட்லி தின்னுட்டு இருக்கறா"ன்னாங்க. அத்தை சொல்லிட்டா ஆச்சுங்களா? அவங்க கையில நம்பரா இருக்குது? லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டன்.

பயமுன்னா உங்கூட்டுப் பயம் எங்கூட்டுப் பயமில்லீங்க. பல்லடம் இன்னும் வரலீங்களா?

அவ பேரு பிரதீபா. இந்தச் சக்கர அவளுக்குப் பதினோரு வயசுலயே வந்துருச்சு. தெரிஞ்சேதான் கட்டுனனுங்க. எங்கம்மா ஆறு மாசம் என்ர கூடப் பேசல. பேசாட்டிப் போகுதுன்னு இருந்தன். பிரதீபா ரொம்ப விவரமானவ. மருந்து டப்பாக்குள்ள பொடி எழுத்துல ஒரு காயிதம் மடிச்சு வெச்சிருப்பாங்க பாருங்க, நாமெல்லாம் தூக்கிப் போட்டுருவோம், அவ உக்காந்து முழுசும் படிப்பா. தட்டுல சோத்தப் பாத்தாலே இதுக்கு இத்தன யூனிட்டு இன்சுலின்னு சொல்லிருவா. அவளுக்கு நான் காவல் இருக்க வேண்டியதே இல்லீங்க. ஆனா இருக்கறன். எனக்கு அதுல ஒரு நிம்மதி.

இந்த ஆப் எழுதுனதே நான்தானுங்க. ஆமா, நானேதான். சரவணம்பட்டியில கம்பெனி. ஒருத்தர் சென்சார் ஒட்டிக்கிட்டா இன்னொருத்தர் தூரத்துல இருந்து பாக்கறது இருக்குதுல்ல, அந்தப் பக்கம் முச்சூடும் என்ர கை.

நீங்க உங்க காட்டுக்கு பிஏபி வாய்க்கால் பாசனம்னு சொன்னீங்கல்ல, அதுலயே சொல்றன், உங்களுக்கு வெளங்கும். முன்னெல்லாம் ஆப் எழுதறதுன்னா குடத்துல மொண்டு ஊத்தற மாதிரிங்க. நம்பர் வேணுமா, போய்க் கேளு, கொண்டா, காட்டு. இப்ப அப்படியில்ல. வாய்க்கால் வெட்டி விட்டுருவோம். அங்க ஒரு நம்பர் புதுசா வந்தா அதுவா ஓடி வந்து நம்ம தெரையில நிக்கும். நாம கூடவே நிக்க வேண்டியதில்ல. ஆனா இதுல ஒரு கெரகம் இருக்குது. வழியில ஒரே ஒரு தப்பு நடந்துச்சு, ஒரு நிமிசம் நெட்டு போச்சுன்னு வெச்சுக்குங்க, அந்த வாய்க்காலே செத்துப்போகும். பொறவு மேல எத்தன தண்ணி வந்தாலும் கீழ பாயாது. அதனால தப்பு வந்தா என்ன பண்ணோணும்னு முன்னாடியே ஒரு வரி எழுதி வெச்சிரோணும்.

அந்த ஒரு வரியிலதானுங்க நான் மாட்டிக்கிட்டன்.

முதல்ல ஒழுங்காத்தான் எழுதியிருந்தன். தப்பு வந்தா செவப்புல ஒரு கட்டம், 'பிழை ஏற்பட்டுள்ளது'ன்னு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரியவரு அதப் பாத்துட்டு பேரனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சு, ஸ்கூலுக்கே கார எடுத்துட்டுப் போய்ப் பரீட்ச எழுதிட்டிருந்த பையனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. அங்க பாத்தா அவரு போன்ல நெட்டு இல்ல, அவ்வளவுதான். கம்பெனிக்கே வந்து கத்துனாரு. இவரு மாதிரி நாப்பது அம்பது பேரு. மேல இருக்கறவங்க சொன்னாங்க, செவப்பே வேண்டாம், யாரும் பயப்படக் கூடாதுன்னு. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுச்சு. தூரத்துல இருக்கறவங்களப் பயமுறுத்தி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க? நம்ம ஊடுகள்லயும் அப்படித்தான பண்றோம். ஒருத்தருக்கு நெஞ்சுவலின்னா வெளியூர்ல இருக்கற மகனுக்கு, "லேசாக் காய்ச்சல், நீ பதறாம வா"ன்னுதான சொல்றோம்.

அதனால வாய்க்கால் ஓரத்துல ஒரு தொட்டி கட்டுனன். ஒழுங்கா ஓடிட்டிருக்கறப்ப கடைசியா வந்த நம்பர அதுல பிடிச்சு வெச்சுக்கும். மேல எந்தத் தப்பு வந்தாலும் சரி, தொட்டியில இருக்கறத எடுத்துத் தெரையில காட்டு. செவப்பு இல்ல, கத்தல் இல்ல, அதே பச்சக் கலர்ல அழகா நிக்கும். 'எந்தத் தப்பு வந்தாலும்'னு எழுதுனன் பாருங்க, அதுதான். நெட்டு இல்லாதது ஒரு தப்பு. சென்சார்ல இருந்து ஒண்ணுமே வராதது வேற தப்பு. உனக்குக் காட்ட மாட்டன்னு சென்சார் ஒட்டுனவங்களே நிறுத்திக்கிறது இன்னொரு தப்பு. நான் எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டன்.

எங்க டீம்ல ஷாகிரான்னு ஒரு பொண்ணு. நாங்க எழுதறதுல ஓட்டை கண்டுபிடிக்கறதுதான் அவளுக்கு வேல. அவ வந்து நின்னா, "நந்தா அண்ணா, நேத்து வந்த நம்பரும் இப்ப வந்த நம்பரும் தெரையில ஒரே மாதிரி இருக்குது. எப்ப வந்ததுன்னு கீழ நேரமாச்சும் போடுங்க"ன்னா. நேரம் போட்டா அதப் பாத்து அதுக்கும் பயப்படுவாங்கம்மான்னன். அவ அதப் புகாரா எழுதிப் போட்டா. 'இது இப்படித்தான் வேலை செய்யணும்'னு எழுதி மூடிட்டன். மறுபடியும் தெறந்தா. மறுபடியும் மூடுனன். மூணு தடவைங்க. பிடிவாதக்காரி. அதுக்கப்பறம் நாலு மாசம் ஒரு சனம் புகார் சொல்லலையே. ஆபீஸ்ல கேக்கு வெட்டுனாங்க. நான்தான் வெட்டுனன்.

இதுக்கு முன்னாடியே பிரதீபா மாசமாயிருந்தா. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அவங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமுங்களா? மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. போகுது, நம்மகிட்டத்தான் நம்பர் இருக்குதேன்னு அனுப்பி வெச்சன்.

போன மாசம், ஒரு புதன்கெழம. அன்னிக்கு அவளுக்குக் கட்டுச்சோறு கொண்டாந்தாங்க, அவங்க பெரியம்மா ஊட்டுல இருந்து. உங்களுக்குத் தெரியும், கொண்டாந்தவங்க கையால பரிமாறி மாசமா இருக்கறவ மொதல் வாய் சாப்பிடோணும். அதுக்கு முன்னாடி அடுப்படியில எதும் எடுத்து வாயில போடக் கூடாது, அவங்களுக்கு மனசு சங்கடமாயிரும். பெரியம்மா போன்ல, "வந்துட்டோம் கண்ணு, காங்கேயம் தாண்டிட்டோம்"னு சொல்லியிருக்கறாங்க. இவளும் நம்பி, அர மணி நேரத்துல சாப்பாடுன்னு கணக்குப் போட்டு, பன்னெண்டரைக்கு இன்சுலின் ஊசியப் போட்டுட்டா. அவங்க வந்த காரு பஞ்சர். ஊசி போட்டாச்சு, சோறு வரல. சக்கர எறங்கீட்டே போகும், எழுவதுக்குக் கீழ போனாலே ஆபத்துங்க. இவளுக்கு அசத்தியிருக்குது. பின்னாடி ரூம்ல போய்ப் படுத்துட்டா. போனு முன்னாடி ஆசாரத்துல, அந்த முன் கூடத்துல, சார்ஜ்ல கெடக்குது. அந்தச் சென்சார் இருவதடிக்கு மேல போன்கூடப் பேசாதுங்க. நடுவுல ரெண்டு சொவரு வேற, பழைய ஊடு, ஒன்றரை அடிச் சொவரு. அவ போனுக்கே நம்பர் போகல. அப்பறம் எனக்கு எங்கிருந்து வரும்?

எனக்கு நூத்திப் பன்னெண்டு காட்டுச்சு.

ஒன்றரை மணிக்கு அத்தை போன் பண்ணாங்க. "மாப்ள, அவுங்க இன்னும் வந்து சேரல. இவ அசந்து தூங்கறா. எழுப்பி ஒரு டம்ளர் மோராச்சும் குடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. நான் தெரையப் பாத்தன். நூத்திப் பன்னெண்டு. மாசமா இருக்கறவளுக்கு அதவிட அழகான நம்பரே கெடையாது. "தூங்கட்டும் அத்தை, எழுப்பாதீங்க. நம்பர் நல்லா இருக்குது. நான் பாத்துட்டேதான் இருக்கறன்"னன்.

நான் பாத்துட்டேதான் இருக்கறன்னு சொன்னனுங்க.

சாப்பிடப் போனன். சாப்பிட்டுட்டே பாத்தன், நூத்திப் பன்னெண்டு. கை கழுவிட்டு வந்து பாத்தன், நூத்திப் பன்னெண்டு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரங்கிட்டக் காட்டி, "எப்படி வெச்சிருக்கறா பாருடா"ன்னன். அப்ப ஷாகிரா டிபன் பாக்ஸோட எங்களத் தாண்டிப் போனா. நின்னு எட்டிப் பாத்தா. "அண்ணா, சாப்பிடப் போறதுக்கு முன்னாடியும் இதான இருந்துச்சு? மனுச ரத்தம் இப்படி அசையாம நிக்குங்களா?"ன்னா.

உடனே ஆப்புக்கு உள்ள போய்ப் பதிவப் பாத்தன், கடைசி நம்பர் வந்தது எப்பன்னு. பன்னெண்டு நாப்பத்தி ஒண்ணு. மணி அப்ப ரெண்டு பத்து. ஒன்றரை மணி நேரமா அவ எப்படி இருக்கறான்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாதுன்னுகூட எனக்குத் தெரியல.

அவளுக்கு அடிச்சன். ரிங் போகுது. அத்தைக்கு அடிச்சன், பிஸி. அவங்க அப்பத்தான் காருக்காரங்களுக்கு வழி சொல்லிட்டிருந்திருக்கறாங்க. மறுபடி அவளுக்கு, மறுபடி அத்தைக்கு. அவசரத்துல வெரலு மாறி வேற யாருக்கோ போயிருச்சு ஒருக்கா, டயர்க் கடைக்காரரு எடுக்கறாரு. தெரையில அப்பவும் நூத்திப் பன்னெண்டு, பச்சக் கலர்ல. நான் எழுதுன பச்ச. ஆபீஸே எந்திரிச்சு நின்னு என்னப் பாக்குது. பதினாறாவது தடவையோ என்னமோ அத்தை எடுத்தாங்க. பின்னாடி ஒரே பேச்சுச் சத்தம். "இப்பத்தான் வந்தாங்க மாப்ள, எல போட்டுட்டு இருக்கறோம்."

"அவள எழுப்புங்க அத்தை."

"தூங்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க?"

"எழுப்புங்கன்னு சொல்றன்ல."

போன காதுல வெச்சுட்டே அத்தை நடந்து போறது கேக்குது. கதவு தெறக்கறது கேக்குது. "அம்மிணி. அம்மிணி, எந்திரி சாமி. பிரதீபா." அப்பறம் ஒண்ணுமில்ல. எத்தன நேரம்னு தெரியலீங்க. அஞ்சு விநாடி இருக்கலாம். என்னால அந்த அஞ்சு விநாடிய இன்னும் தாண்ட முடியல. பஸ்ல இப்ப இத்தன சத்தத்துலயும் கேக்குது. பொறவு போன் கீழ விழுந்துச்சு. அத்தை போட்ட கூப்பாடு மட்டும் வந்துச்சு.

பெரியம்மாதான் காப்பாத்துனாங்க. கட்டுச்சோத்தோட ஒப்பட்டுப் போளிக்குத் தொட்டுக்கத் தேன் கொண்டாந்திருக்கறாங்க. அத வெரல்ல தொட்டு அவ கன்னத்துக்குள்ள தடவித் தடவி விட்டிருக்கறாங்க. கண்ணு முழிச்சப்ப வெரல்ல குத்திப் பாத்தாங்களாம், முப்பத்தி நாலு. தேன் தடவுனதுக்கு அப்பறம் முப்பத்தி நாலு. முன்னாடி என்ன இருந்துச்சோ. மறுநாள் தாராபுரத்துல ஸ்கேன் பாத்தாங்க. கொழந்தைக்குத் துடிப்பு நல்லாருக்குதுன்னாரு டாக்டர். நான் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதனுங்க.

என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. டவர் பிரச்சனன்னு சொன்னன். அப்ப இருந்த நெலமையில வேற என்னத்தச் சொல்றது? அவளே அர உசுரா இருக்கறா. வாய்க்கால், தொட்டின்னு வெளக்கிட்டு இருக்க முடியுமுங்களா? முழுப் பொய்யுன்னும் சொல்ல முடியாது. சென்சாருக்கும் போனுக்கும் நடுவுல எட்டலதான?

அத்தைதான் பாவம். அன்னிக்கு இருந்து ஒரே பாட்டு. "அவரு ஊர்ல இருந்து சொல்றாரு, அவருக்கு என்ன தெரியும். பெத்தவ நான் பக்கத்துல இருந்துட்டு எழுப்பாம விட்டுட்டனே"ன்னு போறவங்க வர்றவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டு அழுகறாங்க. "விடுங்க அத்தை, தெரியாமப் பண்ணீட்டீங்க"ன்னு நான்தான் தேத்துனன். அவங்கள ஒரு வார்த்த கடிஞ்சு பேசலீங்க நான். மத்த மாப்பிள்ளைக பேசியிருப்பாங்க.

அப்பறம் ஊரு வந்ததும் ஒரே வேலையா உக்காந்தன். ஒம்பது நாளுங்க. அந்த ஒரு வரிய எடுத்துட்டன். நெட்டு இல்லைன்னா நெட்டு இல்லைன்னு வரும். சென்சார் பேசலைன்னா அது தனியா வரும். அவங்களே நிறுத்தியிருந்தா அதுக்குத் தனி வாக்கியம். பழைய நம்பரக் காட்டுனா சாம்பக் கலரு, கீழ 'இத்தனை நிமிடங்களுக்கு முன்'னு எழுத்து. ஷாகிரா எழுதிப் போட்ட அந்தப் புகார நானே தெறந்து, 'சரி செய்யப்பட்டது'ன்னு போட்டன். இப்ப அந்த ஆப் பொய்யே சொல்லாதுங்க.

ஆனா பாருங்க, முன்ன எனக்குப் பயமே இல்ல. இப்பத்தான் பயம். 'ஏழு நிமிடங்களுக்கு முன்'னு காட்டுச்சுன்னா அந்த ஏழு நிமிசமும் எனக்கு மூச்சு வர்றதில்ல. குளிக்கறப்ப போன சோப்பு டப்பா மேல வெச்சிருக்கறன். அவளுக்கு அடிச்சுக் கேப்பன். "நல்லா இருக்கறன் மாமா"ம்பா. நல்லா இருக்கறன்னா எவ்வளவும்பன். ஒரு நாளைக்கு இருவது தடவ ஆயிரும். ஒருக்கா, "மாமா, எங்கிட்டப் பேசறதுக்கா போன் பண்றீங்க?"ன்னு கேட்டா. இதென்ன கேள்வி? அவகிட்டத்தான பேசிட்டு இருக்கறன்.

நேத்துப் பொழுதோட புது ஆப் எல்லாத்துக்கும் போச்சு. அவ போனுக்கும் போயிருக்கும். கூட ஒரு குறிப்பும் போகும், என்னென்ன மாத்தியிருக்கோம்னு. ஷாகிராதான் எழுதுனா. 'முந்தைய பதிப்பில், புதிய அளவு கிடைக்காதபோது பழைய அளவே புதியது போலக் காட்டப்பட்டது. எங்கள் தவறு. சரிசெய்துவிட்டோம்' அப்படின்னு. இத்தன ஒடச்சு எழுதோணுமான்னு கேட்டன். "எழுதோணும் அண்ணா"ன்னுட்டா. போகட்டும், அதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?

காத்தால ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கறன், இது நிக்குது. இந்தாங்க, நீங்களே படிங்க. 'இவர் உங்களுடன் பகிர்வதை நிறுத்திக்கொண்டார்.' வாக்கியம் நான் எழுதுனதுதான். ஆனா இது வரக் கூடாதுங்களே. அவ எதுக்கு நிறுத்தப் போறா? புது ஆப்ல எங்கியோ ஓட்டை இருக்குதுங்க. நெட்டு இல்லாததுக்கு வர வேண்டியது மாறி இதுக்கு வந்துருச்சு. நைட்டு முழிச்சு எழுதுனது, எங்கியோ கை தவறியிருக்கும். அப்படித்தான் இருக்கோணும். இல்லைன்னா அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. ரெண்டுல ஒண்ணு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

உங்க போன்ல இருந்து கூப்புடறதா? வேண்டாங்க, உங்களுக்கெதுக்குச் செரமம். அவ தெரியாத நம்பர எடுப்பாளோ என்னமோ. சரி, குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்.

ரிங் போகுதுங்க.

எடுத்துட்டா. எடுத்துட்டாளுங்க. பிரதீபா, நான்தான். பஸ்ல பக்கத்துல ஒரு அண்ணன் இருக்கறாரு, அவரு போனு. இப்ப எவ்வளவு இருக்குது? ... இல்ல, அது கெடக்குது, எவ்வளவு இருக்குதுன்னு சொல்லு. ... என்ன குறிப்பு? ... ஆமா. ... ஆமா, அந்த வரிய நான்தான் எழுதுனன். அத ஊருக்கு வந்து சொல்றன். ... அத்தைக்கு என்ன? ... சாப்பிடறதில்லையா? எத்தன நாளா? ... சரி, வந்து அத்தைகிட்டப் பேசிக்கலாம், அதுக்கென்ன. நீ மொதல்ல குத்திப் பாத்து நம்பரச் சொல்லு. ... பிரதீபா? நம்பர மட்டும் சொல்லீரு. ... ஹலோ?

கட்டாயிருச்சுங்க. டவர் இல்ல போலிருக்குது, இந்தக் குண்டடம் பக்கமே இப்படித்தான்.

டவர் முழுசாக் காட்டுதுங்களா, உங்க போன்ல? இருக்கட்டுங்க. அது கொஞ்ச நேரம் முன்னாடி இருந்ததா இருக்கும்.